வரி 2316

காலையில் வந்து பார்த்தால் செத்துக் கிடந்தது நிரல்.
இரவு பதினொன்றுக்கு ஓடவிட்டுப் போயிருந்தேன்,
நாகமலையில் வெயில் ஏறுவதற்குள்
நாற்பத்தாறு மழைமானிகளும்
வரைபடமாகியிருக்கும் என்று நம்பி.
திரையில் ஒரே ஒரு வாக்கியம்:
எண் எதிர்பார்க்கப்பட்டது, எழுத்து வந்தது.
எந்தக் கோப்பு, எந்த ஊர், எந்த நாள்
ஒன்றும் சொல்லவில்லை,
பைபாஸில் இறக்கிவிட்டு
இதுக்கு மேல வண்டி போகாது என்கிற
நடத்துநரைப் போல.

எழுதியவள் நான்தான். யாரைத் திட்ட?

ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
மேலூர் ஒழுங்கு.
சோழவந்தானில் யாரோ புள்ளிக்குப் பதில் கமா வைத்ததில்
பன்னிரண்டரை மில்லிமீட்டர் இரண்டாகப் பிளந்து
பக்கத்துக் கட்டத்தில் இருந்த காற்றை
அடுத்த கட்டத்துக்குத் தள்ளியிருந்தது.
திருமங்கலத்தில் பிப்ரவரி முப்பதாம் தேதி தூறல்.
பேரையூர் முழுக்கக் கேள்விக்குறிகள்,
எந்தப் பழைய எழுத்துருவில் அடித்த தமிழோ.
கள்ளந்திரியில் கரண்ட் போகிற வரைக்கும்தான் மழை,
ஒரு எண்ணின் நடுவிலேயே கோப்பு முடிந்தது.

பிறகு எழுமலை. வரி 2316.
மழையளவு என்ற கட்டத்தில்
ஆஸ்பத்திரி என்று இருந்தது.

ஃபெலிசிட்டா எட்டிப் பார்த்தாள்.
"சைபர்னு போட்டுட்டுப் போயேன். யாருக்குத் தெரியும்?"

போன வருஷம் இல்லாததற்கெல்லாம்
மைனஸ் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது போட்டோம்.
நவம்பரில் ஒரே ஒரு நாள் அதைக் கழிக்க மறந்துபோய்
சராசரி மைனஸ் இருபத்தெட்டு:
மண்ணிலிருந்து வானத்துக்குப் பெய்த மழை.
ஒரு வாரம் சிரித்தோம்.
அறிக்கை அச்சாகி வந்த பிறகு சிரிக்கவில்லை.
ஆனாலும் மைனஸ் நல்லது, மாட்டிக்கொள்ளும்.
சைபர் மாட்டாது.
வரிசையில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்து
ஒரு கண்மாயைக் காயவைத்துவிடும்.

எழுமலைக்கு ஒச்சப்பன் பொறுப்பு.
போன் போட்டேன்.
"ஆமா மேடம், அன்னைக்கு மகளுக்கு வலி வந்துருச்சு,
உசிலம்பட்டிக்குத் தூக்கிட்டு ஓடுனேன்.
ராத்திரி பூரா அங்க தகரத்துல பேய்மழை.
எழுமலையில பேஞ்சுச்சா, எவ்வளவு பேஞ்சுச்சு,
நான் பாக்கலையே.
பாக்காததை எப்படி எழுதுறது?
மறுநாள் குடுவையில அம்பத்தொண்ணு.
அதை எழுதியிருக்கேன் பாருங்க."

பார்த்தேன். வரி 2317:
51 ரெண்டு நாளுக்கும் சேத்து.
என் நிரல் இன்னும் ஒரு அடி நடந்திருந்தால்
அதிலும் தடுக்கித்தான் விழுந்திருக்கும்.

"குழந்தை?"
"பொட்டப்புள்ள. மூணு கிலோ நூறு.
தராசை நானே பாத்தேன் மேடம்."

மூன்று நாள் பிடித்தது மாற்றி எழுத.
இப்போது அது விழுவதில்லை.
விழுங்குவதும் இல்லை.
புரிந்ததைப் படிக்கிறது. புரியாததை
வந்தபடியே, ஓரெழுத்து மாற்றாமல்,
ஊரும் வரி எண்ணும் குறித்து ஓரமாக வைக்கிறது.
கமாவைப் புள்ளியாக்கினால்
ஆக்கினேன் என்று ஒப்புக்கொள்கிறது.
பிப்ரவரி முப்பதை மார்ச்சுக்கு நகர்த்துவதில்லை.
கள்ளந்திரியிடம் மீதியைக் கேட்கிறது.

எழுமலைக் கோட்டில் ஓரிடத்தில் விரிசல்.
"அசிங்கமா இருக்குடி," என்றாள் ஃபெலிசிட்டா,
"ரெண்டு முனையையும் இழுத்துச் சேத்துரவா?"
வேண்டாம் என்றேன்.
அந்த இடைவெளியில்
ஒரு ஆள் பஸ் ஏறிப் போயிருக்கிறான்.

இப்போதெல்லாம் வந்ததும்
வரைபடத்தை அப்புறம்தான் திறக்கிறேன்.
டீயோடு முதலில் படிப்பது
ஓரமாக ஒதுக்கியவற்றை.
லட்சத்துச் சொச்சம் வரிகளில் நேற்றுவரை பதினேழு.
இன்றைக்குப் பதினெட்டாவது,
வாடிப்பட்டியிலிருந்து:

குடுவைக்குள் தவளை.
அளவு நிச்சயமில்லை.